எல்லைக்கல்லுக்கு வெளியே நின்ற எம்.எல்.ஏ.

பிள்ளைகளா,

நேற்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் போனில் சட்டசபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவர் மேஜையைத் தட்டினார். ஒருவர் காகிதத்தைக் கிழித்துப் பறக்கவிட்டார். இன்னொருவரைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தை மட்டும் நீங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள். நடுவில் தம்பி கேட்டான்.

"அப்பா, நீ வண்டி ஓட்டுன எம்.எல்.ஏ.வும் இப்டித்தான் கத்துவாரா?"

"கத்த மாட்டாரு."

"அப்ப இன்னாதான் பண்ணுவாரு?"

"சும்மா உக்காந்துனு இருப்பாரு."

அவ்வளவுதான். இரண்டு பேரும் மறுபடி போனுக்குள் போய்விட்டீர்கள். தப்பு என்னுடையது. அந்த ஒரு பதிலில் சொல்லி முடிக்கக்கூடிய மனிதர் இல்லை அவர். அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பாப்பா திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் முகம் வருவதில்லை. பலாப்பழ வாசனைதான் வருகிறது. மலையில் யார் மனு கொடுக்க வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். பலாக்காலத்தில் பலா, மற்ற காலத்தில் புளி, சாமை, தேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் மனுவையும் வாங்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். எனவே ஜீப்பின் பின்னால் மனுக்களும் பழங்களும் சேர்ந்தே உருளும். கொண்டை ஊசி வளைவில் ஒரு பெரிய பழம் உருண்டு வந்து என் சீட்டின் முதுகில் மோதும்போது, "பாத்துப் போடா தம்பி, பின்னால பொதுமக்கள் இருக்காங்க" என்பார். அதைச் சிரிக்காமல் சொல்வார். சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

சென்னையில் எம்.எல்.ஏ.க்கள் தங்கும் விடுதிக்கும் அந்தப் பழங்கள் வந்தன. பக்கத்து அறையில் நெல் விளையும் ஊர்க்கார உறுப்பினர் ஒருவர். ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "உங்க தொகுதியில வேற எதுவும் விளையாதா?" என்று கேட்டார். நம்மவர் யோசித்துவிட்டு, "கடுக்கா விளையும். எடுத்துனு வரட்டுங்களா?" என்றார். அவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அவர் பெயர் சடையன். எல்லாரும் மெம்பர் என்பார்கள். நான் அண்ணா என்பேன். ஊர், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் மேல்தும்பூர். அப்போது அங்கே போக மண்பாதைதான். மழை பெய்தால் அதுவும் ஓடை. ஜீப் போகும் நாளில் ஜீப் போகும். மற்ற நாளில் கால். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பில் துணியைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். வழியிலேயே பிறந்த பிள்ளைகள் அந்த ஊரில் நிறைய. எந்த மரத்தடியில் பிறந்ததோ அந்த மரத்தைச் சொல்லியே அடையாளம் காட்டுவார்கள்.

நான் வேலையில் சேர்ந்த முதல்நாளே அவர் ஜெயித்த நாள். ஜீப் அவருடையது இல்லை. அடிவாரத்துக் கட்சிக்காரர் ஒருவர் தேர்தலுக்காகக் கொடுத்தது. "ஊர்ல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துடு" என்று என்னை அனுப்பினார். நானும் ஒரு மணி நேரத்து வேலை என்றுதான் நினைத்தேன்.

மேல்தும்பூருக்கு முன்னால் பாதை ஓரத்தில் ஓர் எல்லைக்கல் இருந்தது. ஆள் இடுப்பு உயரம், எண்ணெய் பூசிக் கறுத்த கல். ஊர்க்காரர்களுக்கு அதுதான் சாமி, அதுதான் கோர்ட்டு. அந்தக் கல்லின்மேல் கற்பூரம் எரியும்போது ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் அது சத்தியம். மாடு திருடவில்லை என்று அங்கே சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு யாரும் சந்தேகப்படமாட்டார்கள். மாடு அவன் வீட்டுக் கொட்டகையிலேயே கத்தினாலும், அது வேறு மாடு.

ஜெயித்தவருக்கு அங்கே நிறுத்தி மாலை போட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். கீழே இருந்து கட்சிக்காரர்கள் கொடியோடு வந்திருந்தார்கள். "தலைவரே, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றார்கள். அவருக்குப் பேசிப் பழக்கமில்லை. பிரசாரத்தில் ஒரு மாதமாகப் பெரிய தலைவர்கள் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தார். அந்தக் குரல் தொற்றியிருந்தது. கையை உயர்த்திச் சொன்னார்.

"இந்த மேல்தும்பூருக்கு பஸ் வராம ஓயமாட்டேன்! இனிமே பஸ்ஸுலதான் இந்த ஊருக்குள்ள கால் வெப்பேன்!"

கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர்கள் தட்டவில்லை. அவர்கள் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

கீழ்நாட்டில் இந்த மாதிரி சபதத்தை ஒரு கூட்டத்துக்கு நாலு கேட்கலாம். மறுநாள் சொன்னவருக்கும் ஞாபகம் இருக்காது, கேட்டவருக்கும் இருக்காது. எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணினேன். அவர் மாலையோடு கல்லைத் தாண்டப் போனார். ஊர் நாட்டாண்மைக்காரர் முன்னால் வந்து நின்றார். அவர் மெம்பருக்குத் தாய்மாமன் முறை.

"எங்க போற?"

"வூட்டுக்கு."

"பஸ் எங்க?"

மெம்பர் சிரித்தார். நாட்டாண்மைக்காரர் சிரிக்கவில்லை.

"இன்னா மாமா, அது மேடப் பேச்சு."

"மேட எங்க இருக்குது? நீ கல்லுகிட்ட நின்னு சொன்ன."

மெம்பர் சுற்றிலும் பார்த்தார். கூட்டத்தில் அவர் மனைவி சின்னப்பொண்ணு அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மெம்பர் அவரைப் பார்த்தார். அந்த அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "என்ன இன்னாத்துக்குப் பாக்குற? சொல்லச் சொல்ல நானா சொன்னேன்?"

கட்சிக்காரர் ஒருவர் குறுக்கே வந்து, "ஜீப்பும் வண்டிதானேங்க, பன்னெண்டு பேரு போவலாம், பஸ் மாதிரிதான்" என்று எடுத்துச் சொன்னார். அதை ஊர் தள்ளிவிடவில்லை. உட்கார்ந்து பேசினார்கள். வெயில் சாயும்வரை பேசினார்கள். முடிவாக நாட்டாண்மைக்காரர் சொன்னார். "காசு குடுத்தா டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கணும். அதுதான் பஸ். இவன் டிக்கெட்டு கிழிப்பானா?" என்று என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கிழிக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சட்டமன்ற உறுப்பினர் சடையன், மாலையைக் கழற்றிக் கல்லுக்குப் போட்டுவிட்டு, என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். "வண்டிய திருப்பு" என்றார். ஒரு மணி நேரத்து வேலை ஐந்து வருடம் நீண்டது அப்படித்தான்.

ஜமுனாமரத்தூரில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்தார். சாமைக் கஞ்சி அவரே காய்ச்சிக்கொள்வார். வாரச்சந்தை அன்று சின்னப்பொண்ணு அக்கா புளி, கொள்ளு எல்லாம் விற்க வரும்போது பார்ப்பார். மற்ற நாளில் மனசு வந்தால், "எல்ல வரைக்கும் போய்ட்டு வர்லாம்டா" என்பார். போவோம். கல்லுக்கு இந்தப் பக்கம் அவர் உட்காருவார், அந்தப் பக்கம் அக்கா. சோற்றுப் பாத்திரத்தை நடுவில் கொடுப்பதில் ஒரு சிக்கல் வந்து, அதையும் ஊர்கூடிப் பேசித் தீர்த்தார்கள். கை போகலாம், கால் போகக் கூடாது.

"நீயும் எங்கூட கீழ வந்துடேன்" என்று ஒருமுறை அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"மாட்ட யாரு பாக்குறது? சாமைய யாரு அறுக்கறது? நீ எம்.எல்.ஏ., உனுக்கு வேல இல்ல. எனக்கு இருக்குது" என்றார் அக்கா.

ஏன் ஊருக்குள் போவதில்லை என்று யார் கேட்டாலும் மெம்பர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். கலெக்டர் ஒருநாள், "உங்க சொந்த ஊர்லயே உங்களைப் பார்க்க முடியறதில்லையே?" என்றார். "பஸ் வரலீங்க" என்றார். கலெக்டர் அதை ஏதோ போக்குவரத்துக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். உண்மையில் அதுவும் சரிதான்.

மகள் கல்யாணம் வந்தது. பெண்வீட்டில் கல்யாணம் செய்வது அவர்கள் வழக்கம். பந்தலை எல்லைக்கல்லின் மேலேயே போட்டார்கள், பாதி உள்ளே, பாதி வெளியே. மாப்பிள்ளை வீட்டார் வேறு மலைக்காரர்கள், சங்கதி தெரியாது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் நல்ல குசும்புக்காரர். "இன்னா சம்பந்தி, பொண்ணு கல்யாணத்துல வாட்ச்மேன் மாதிரி வெளிய நிக்கிறீங்க?" என்றார். "பஸ் வரலீங்க" என்றார் மெம்பர். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்கும் நேரம் வந்தது. காலை அசைக்காமல் இடுப்பை வளைத்து, இரண்டு கையையும் நீட்டிக் கொடுத்தார். விழுந்துவிடப் போகிறார் என்று பின்னாலிருந்து அவர் இடுப்பு வேட்டியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாண போட்டோவில் நான் தெரிகிறேன். யாருக்கும் நான் யார் என்று தெரியாது.

பெண் அழுதுகொண்டே உள்ளே நடந்து போயிற்று. வளையல் சத்தம் தேய்ந்து போகும்வரை அவர் வளைந்தபடியே நின்றார். "அண்ணா, வுட்டுடட்டுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் இருடா" என்றார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கே மனசு கேட்கவில்லை. நாட்டாண்மைக்காரர் ஆள் விட்டு வரச்சொன்னார். எல்லைக்கல் அருகே கூட்டம். நடுவில் உட்கார்ந்து அவர் சொன்னார்.

"ஒரு கெடா வெட்டு. கல்லுகிட்ட, தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு. உள்ள வா. யாரும் ஒரு வார்த்த பேசமாட்டாங்க."

"கெடாவ நானே குடுக்கறேன். எங்கூட்டுலதான் வளருது" என்றார் சின்னப்பொண்ணு அக்கா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. எனக்கும் வீடு இருந்தது பாருங்கள்.

மெம்பர் ரொம்ப நேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "வேணாம் மாமா" என்று எழுந்து வந்து ஜீப்பில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குக் கோபம். முதல் வளைவு தாண்டியதும் கேட்டுவிட்டேன். "ஏண்ணா, ஒரு கெடாவோட முடிஞ்சிருக்கும். இன்னா ரோஷம் இது?"

"ரோஷம் இல்லடா. இன்னிக்கு கெடா வெட்டிட்டா நாளைக்கு நான் வூட்ல கால நீட்டிப் படுத்துனு இருப்பேன். அப்பால பஸ்ஸ யாரு கேப்பாங்க?"

"நீங்கதான் கேக்கணும்."

"வூட்ல படுத்துனு இருக்கறவன் எதுக்குடா பஸ் கேக்கறான்?"

நான் அடுத்த வளைவுக்கு கியரை மாற்றினேன். அக்கா அதற்குப் பிறகு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். சோற்றைக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். சந்தையிலும், வாங்க வந்த யாரோ ஒருவரிடம் பேசுவதுபோல், "புளி வேணுமா? வேணாம்னா நவுரு, ஆளுங்க வருவாங்க" என்பார். அவர் நகர்ந்து நிற்பார். எம்.எல்.ஏ.வைச் சந்தையில் விரட்டுகிற ஒரே ஆள் அந்த அக்காதான்.

இவ்வளவு இருந்தும் சட்டசபையில் அவர் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்பீர்கள். கட்சியிலும் அதைத்தான் கேட்டார்கள். நானும் கேட்டேன். அவர் சொன்ன காரணம் இது. மலையில் ஊர்கூடிப் பேசினால் ஒரு முறை உண்டு. ஒருவர் பேசும்போது மற்றவர் பேசமாட்டார். எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் கேட்டுக்கொண்டிருந்தவர் பேசுவார். முந்திக்கொண்டு பேசுகிறவன் பேச்சுக்கு மதிப்பில்லை. அவர் அதே மாதிரி சட்டசபையிலும், எல்லாரும் முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"ஆனா அங்க யாருமே முடிக்க மாட்றாங்கடா" என்றார். "நானும் போன வாட்டி பாத்தேன், இந்த வாட்டியும் பாத்தேன். ஒருத்தர் உக்காந்தா இன்னொருத்தர் எழுந்துடறாரு. அப்பால மணி அடிச்சிடறாங்க."

காத்திருந்த காலத்தில் சும்மாவும் இல்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார். பாதை காட்டுக்குள் போகிறது, மரம் வெட்ட வேண்டும், அனுமதி மேலே இருந்து வர வேண்டும் என்பார்கள். மேலே போனால், கீழே இருந்து எழுதி வர வேண்டும் என்பார்கள். அவருக்கு அந்த ஏற்ற இறக்கம் பழக்கம்தான். மலைக்காரர்.

ஐந்தாவது வருடம் கட்சிக் கொறடா கூப்பிட்டு, "கடைசிக் கூட்டத்தொடர். ஒரு வாட்டியாவது பேசுங்க. பேர் கொடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மெம்பர் எனக்கும் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கால்மேல் கால் போடக் கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது என்று வாசலில் சொன்னார்கள். முதல் இரண்டும் எனக்குச் சுலபம்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். நாலு பக்கமும் பார்த்தார். மைக்கில் கேட்டார்.

"எல்லாரும் பேசி முடிச்சிட்டீங்களா?"

சிரிப்பு எழுந்தது. பேரவைத் தலைவர், "உறுப்பினர் பேசலாம்" என்றார்.

"இல்லீங்க, அவரு இன்னும் பேசினு இருக்காரு" என்று பின்வரிசையில் பக்கத்து ஆளோடு குசுகுசுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். அவர் வாயை மூடினார். சபையும் மூடியது. மேலே இருந்து பார்த்த எனக்கு அந்த அமைதி ஞாபகம் இருக்கிறது. மின்விசிறி சத்தம்கூடக் கேட்டது. அப்போதுதான் பேச ஆரம்பித்தார்.

"எங்க ஊருக்கு ரோடு இல்லீங்க. ரோடு இல்லாததால பஸ் இல்ல. பஸ் இல்லாததால நான் ஜெயிச்ச நாள்லேர்ந்து வூட்டுக்குப் போகல. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெளிய நின்னேன். எம் பொஞ்சாதி எங்கிட்ட பேசறதில்ல. அவ்ளோதாங்க."

உட்கார்ந்துவிட்டார்.

சபை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "இது குடும்பப் பிரச்சினையா, மானியக் கோரிக்கையா?" என்றார். மறுபடி சிரிப்பு. அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "உறுப்பினர் வீட்டுக்குப் போவதற்கு அரசு ஆவன செய்யும்" என்றார். நான் சிரிக்கவில்லை. விதியைக் காப்பாற்றியவன் அன்று அந்த இடத்தில் நான் ஒருவன்தான். அவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்து முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

மறுநாள் பேப்பரில் பெட்டிச் செய்தி வந்தது, படத்தோடு. அவர் இது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை என்று யாரிடமும் விளக்கப் போகவில்லை. அந்தச் சிரிப்பு ஆபீஸ் ஆபீஸாக அவருக்கு முன்னால் போய் நின்றது. எந்த அறைக்குள் நுழைந்தாலும், "ஓ, அந்த வீட்டுக்குப் போகாத எம்.எல்.ஏ.வா? உக்காருங்க, உக்காருங்க" என்று சிரித்துக்கொண்டே ஃபைலை எடுத்தார்கள். ஐந்து வருட ஏற்றத்துக்கு அசையாதது ஒரு சிரிப்புக்கு அசைந்தது. அனுமதி வந்தது. ரோடு போட்டார்கள். நல்ல ரோடு.

ரோடு முடிகிற நேரத்தில் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். புது பஸ் விடுவதெல்லாம் தேர்தலுக்குப் பிறகுதான் என்றார்கள். அவருக்குக் கட்சி மறுபடி சீட் கொடுக்கவில்லை. பேச வராது என்பது காரணம். கட்சி நிறுத்திய ஆள் நன்றாகப் பேசினார், தோற்றார். எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்தார்.

ஊரில் ஒரு சிலர், "அதான் எம்.எல்.ஏ. இல்லியே, இன்னும் இன்னா சபதம்?" என்றார்கள். நாட்டாண்மைக்காரரே அப்படித்தான் பேச வந்தார். மெம்பர், "நான் எம்.எல்.ஏ.வா சொல்லல மாமா. சடையனா சொன்னேன். சடையன் இன்னும் இருக்கறான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

ஒருவழியாக பஸ் வந்தது. ஜமுனாமரத்தூரில் வாழைமரம் கட்டி, புது எம்.எல்.ஏ. பச்சைக்கொடி அசைத்தார். நல்ல மனிதர், "அண்ணன் முயற்சிதான் இது" என்று மைக்கில் சொன்னார். நம்மவர் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணையோடு ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"நீ பின்னாலயே வா. வழியில இது நின்னுச்சுன்னா போய் வேற பஸ் கூட்டினு வரணும். உன் வண்டில ஏறமாட்டேன், சொல்லிட்டேன்."

பின்னாலேயே போனேன். ஐந்து வருடத்தில் முதல் முறையாகப் பக்கத்து சீட் காலி. பஸ் எங்கும் நிற்கவில்லை. எல்லைக்கல் வந்ததும்தான் நின்றது. ஊரே நின்றிருந்தது. மேளம், மாலை, கற்பூரம். நான் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடினேன்.

நாட்டாண்மைக்காரர் ஜன்னலுக்கு வந்து கையை நீட்டினார்.

"டிக்கெட்டு?"

மெம்பர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், மரியாதையாகச் சொன்னான். "ஐயா முன்னாள் எம்.எல்.ஏ.ங்க. அவருக்கு பாஸ் இருக்குது. டிக்கெட் தேவையில்லீங்க."

மேளம் நின்றது.

"டிக்கெட்டு இல்லியா?" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"நான் காசு நீட்டுனேன் மாமா, வாங்கமாட்றான்" என்றார் மெம்பர். குரலே மாறியிருந்தது. சட்டசபையில்கூட அவர் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

"பாஸ் இருக்கறவங்களுக்கு டிக்கெட் குடுத்தா செக்கிங்ல நான்தான் பதில் சொல்லணும் சார்" என்றான் கண்டக்டர். அவன் பக்கமும் நியாயம்தான். மெம்பர் எழுந்து நின்றார். இறங்கிவிடுவாரோ என்று நான் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன். டிரைவர் ஆர்வம் தாங்காமல் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். நாட்டாண்மைக்காரருக்கும் மனசு இல்லை, வழியும் இல்லை. கல்லின்மேல் கற்பூரம் வேறு எரிகிறது. யார் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

சின்னப்பொண்ணு அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். கையை உள்ளே விட்டார்.

"எங்க அந்த அட்ட?"

மெம்பர் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கண்டக்டரைப் பார்த்தார்.

"தம்பி, இந்தாளுகிட்ட பாஸ் இருக்குதா?"

கண்டக்டர் மெம்பரைப் பார்த்தான். அக்காவின் இடுப்பைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான்.

"இல்லீங்க" என்றான்.

"அப்பால இன்னா, ஓசில வரானா? டிக்கெட்டு கிழி."

கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட்டைக் கிழித்தான். மெம்பர் வாங்கி நாட்டாண்மைக்காரரிடம் நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வெயிலில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "பஸ்தான்" என்றார்.

மேளம் மறுபடி எழுந்தது. பஸ் உருண்டு கல்லைத் தாண்டியது. பின்னாலேயே ஊர் ஓடியது. அக்கா ஓடவில்லை. "அங்க போய் நிக்கட்டும், சாவி எங்கிட்டதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே நடந்து போனார். நடையில் மட்டும் ஒரு வேகம் இருந்தது.

மெம்பர் அதற்குப் பிறகு மலையைவிட்டு அதிகம் இறங்கவில்லை. கட்சிக்கூட்டத்துக்குக் கூப்பிட்டால், "வூட்ல வேல இருக்குதுங்க" என்பார். தன் வீட்டில், தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். அந்த பாஸை அக்கா கடைசிவரை அவரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது அக்காவும் இல்லை, நாட்டாண்மைக்காரரும் இல்லை. ஊரில் வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது. பஸ் காலியாக வந்து காலியாகப் போகிறது, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, அதையும் நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். ரோட்டை அகலப்படுத்தியபோது எல்லைக்கல்லைப் பெயர்த்துக் கோயிலுக்குள் கொண்டுபோய் டைல்ஸ் ஒட்டி, கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கார் கண்ணாடியை இறக்கி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காலேஜ் எல்லாம் சொன்னார்கள். கல் இருந்த இடத்தில் நின்றுதான் சொன்னார்கள். ஊரும் கைதட்டியது.

பஸ் உள்ளே போன அன்றைக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். விருந்து உண்டு, வா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஜீப்பைத் திருப்பிக் கொஞ்சம் கீழே ஓடை பக்கம் நிறுத்தினேன். அவர் சீட்டின்மேல் விரித்திருந்த வெள்ளைத் துண்டில் தலை எண்ணெய்க் கறை இருந்தது. அடுத்து யார் உட்காரப்போகிறார்களோ என்று எடுத்துக்கொண்டுபோய் ஓடையில் அலசினேன். பிழிந்து பானெட்டின்மேல் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஹாரன் கேட்டது. பஸ் திரும்பி வந்தது. எழுந்து ரோட்டோரம் நின்று, முன் ஜன்னலிலிருந்து பின் ஜன்னல் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் இல்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகு துண்டைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம் இருந்தது. அப்படியே மடித்து வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.